நாலு விரல் கூட

அன்றைக்குக் கிளறன்ஸ் விழுந்ததற்கு யாரையும் குறை சொல்ல வழியில்லை. தரை ஈரமில்லை, ஏணி ஆடவில்லை, யாரும் தள்ளவுமில்லை. தானாகத் தேடிப்போய், கடை நிறைந்த சனம் பார்க்க, முறையாக விழுந்தார்.

சாஹுல் ஹமீது ஹாஜியாரின் புடவைக்கடை கண்டிச் சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிறது. அங்கே நீள மேசைக்குப் பின்னால் நின்று துணி அளந்து வெட்டுவதுதான் கிளறன்ஸின் வேலை. கலியாணம் முடித்த காலத்திலிருந்து அதே மேசை, அதே மீட்டர் கோல், அதே வாய். இடுப்பு வருத்தம் மட்டும் புதிது. வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. "தண்ணி வாளிக்கு மேல பாரமா எதையும் தூக்கக் கூடாது" என்று டொக்டர் சொல்லியிருந்தார். துணி ரோல் தூக்கித் தரவென்றே றொட்னி என்ற பொடியன் பக்கத்தில் நின்றான். ஆனால் வத்தேகமவிலிருந்து வந்த கலியாணப் பெண்ணும் அவள் தாயும் எந்த லேஸைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். கிளறன்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தங்கச்சி, நீங்க பாக்காத லேஸ் ஒண்ணு மேல இருக்கு. எல்லாருக்கும் எடுத்துக் காட்டுற சாமான் இல்ல" என்று சொல்லி, சுவர் இறாக்கையிலிருந்து இரண்டு ரோலை எடுத்து ஒரே தோளில் ஏற்றினார். ஒன்று போதும். இரண்டாவது, பார்ப்பவர்களுக்காக.

திரும்பும்போது இடுப்பில் பூட்டு விழுந்தது. பிடிமானத்துக்குக் கையை நீட்டினார். அகப்பட்டது, பட்டுச்சேலை கட்டி வாசல் பக்கத்து மூலையில் நின்ற பொம்மை. அதைக் கட்டியணைத்தபடியே தரைக்கு வந்துசேர்ந்தார். பொம்மையின் வலது கை கழன்று அவர் கையில் இருந்தது. கலியாணப் பெண்ணின் தாய் "ஐயோ மாதாவே" என்றாள். கிளறன்ஸ் கிடந்த கிடையிலேயே அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"கைப்புடிச்சேன், கையோட வந்திருச்சி."

கடை முழுவதும் சிரித்தது. றொட்னி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகும் கிளறன்ஸ் எழும்பவில்லை. இதுவும் ஒரு பகிடியாக்கும் என்று இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹாஜியார்தான் முதலில் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

இதுதான் கிளறன்ஸின் தலைவிதி. ஊரைச் சிரிக்கவைத்தே வளர்ந்த மனிதர் அவர், வலிக்கிறது என்று சொன்னாலும் ஊர் அடுத்த வரிக்காகக் காத்திருக்கும்.

அதற்குப் பிறகு அவருக்கு மேசை இல்லை. ஹாஜியார் ஒரு கதிரை வாங்கினார். அதற்கு மெத்தை தைக்கக் கடையின் நல்ல வெல்வெட்டிலேயே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். கதிரை வாசலில் வைக்கப்பட்டது, உடைந்த பொம்மை நின்ற அதே மூலையில். அதில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு "வாங்க, வாங்க" சொல்வதுதான் புது வேலை.

"பொம்மைக்குச் சம்பளம் இல்ல, எனக்கு இருக்கு. அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்று கிளறன்ஸ் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அங்கிருந்து பார்த்தால் மேசை தெரியும். றொட்னி துணியை இழுத்துப்பிடித்து அளப்பது தெரியும். றொட்னி வாயைத் திறக்காமல் அளந்தான். துணி வாங்க வந்தவர்கள் பிரேத ஊர்வலத்தில் நிற்பதுபோல நின்றார்கள். அதைப் பார்க்கும்போதுதான் கிளறன்ஸுக்கு இடுப்பை விட வேறெங்கோ வலித்தது.

திரும்ப மேசைக்குப் போக முடியுமா, முடியாதா? அவருக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

டொக்டரிடம் கேட்டார். டொக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வயசுக்கேத்த தேய்மானம் கொஞ்சம் இருக்கு. பாப்பமே" என்றார். ஹாஜியாரிடம் கேட்டார். "இன்ஷா அல்லாஹ்" என்று ஹாஜியார் கதிரையின் மெத்தையைத் தட்டிச் சரிசெய்தார். மனைவி அந்தோனியம்மாவிடம் கேட்டார். "அந்தோனியாரு பாத்துக்குவாரு, நீங்க சாப்புடுங்க" என்றாள் அவள். மூன்று பேரும் அவர்மேல் பிரியமானவர்கள். பிரியமானவர்களிடமிருந்து ஒரு பதிலை வாங்குவது, நனைந்த சவர்க்காரத்தைப் பிடிப்பது மாதிரி.

கடைசியில் டொக்டர் ஒரு வழி சொன்னார். இடுப்பு எவ்வளவு வளைகிறது, கால் எவ்வளவு தூக்குகிறது, எங்கே மடங்குகிறது, எங்கே மாட்டுகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறதாம். படத்தில் தெரியாதது அதில் தெரியுமாம். அது வரட்டும், பிறகு வேலையைப் பற்றிக் கதைப்போம் என்றார்.

பேராதனை வீதியில் ஒரு மாடியில் அந்த இடம். ஹாஜியாரே காரில் கொண்டுபோனார். வழி முழுக்க ஒரே புத்திமதி.

"உள்ளுக்குப் போய் பகிடி விட வாணாம், கிளறன்ஸ்."

"நான் எங்க ஹாஜியார் பகிடி விட்டேன்?"

"போன கிழம ஸ்கேன் எடுக்கிற பொடியன்ட்ட என்ன சொன்னீங்க? 'படத்துல என் நல்ல பக்கத்த எடுங்க'ன்னு சொன்னீங்களா இல்லியா?"

"அவன் சிரிச்சானே."

"சிரிச்சி சிரிச்சித்தான் ரெண்டாந்தரமும் எடுத்தான். படம் ஆடியிருந்திச்சி."

பின்சீற்றிலிருந்த அந்தோனியம்மா மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அளக்கிறவள் நஸ்லியா என்ற பெண். மடவளை ஊர்ப் பிள்ளை, தலையை மூடி வெள்ளைக் கோட் போட்டிருந்தாள். அவளுக்குத் தன் மகளின் வயதுதான் இருக்கும் என்று கிளறன்ஸுக்குத் தோன்றியது. அந்தோனியம்மாவை உள்ளே ஒரு கதிரையில் உட்காரவைத்தாள். அறைக்கதவைப் பாதி திறந்தே வைத்தாள். ஹாஜியார் கதவுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, கேட்காததுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மடவளையா? அப்ப உங்க வீட்டுக் கலியாணத்துக்கெல்லாம் எங்க கடையிலதானே எடுத்திருப்பீங்க, மிஸ்" என்று கிளறன்ஸ் ஆரம்பித்தார்.

"இல்ல அங்கிள். நாங்க அக்குறணையில எடுக்கிற."

வெளியே வாங்கு ஒருதரம் கிறீச்சிட்டது. ஹாஜியாரின் சொந்த ஊரே அக்குறணைதான். அங்கே எத்தனை கடை இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

நஸ்லியா முதலில் முதுகெலும்பில் பேனையால் கோடு போடப் பார்த்தாள். பேனை வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாந்தரமும் வழுக்கியது. விரலால் தொட்டுப் பார்த்து, "என்ன பூசியிருக்கு அங்கிள்?" என்றாள்.

கிளறன்ஸ் மனைவியைப் பார்த்தார். அந்தோனியம்மா தரையைப் பார்த்தாள்.

"காலையில கொஞ்சம் தைலம். அதுக்கு மேல அந்தோனியார் கோயில் எண்ணெ" என்றாள் மெதுவாக. "டெஸ்ட்டு நல்லபடியா முடியணும்னு."

நஸ்லியா பஞ்சை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"எல்லாத்தையும் துடைச்சிராதீங்க மகள். ஓரமா கொஞ்சம் விட்டு வைங்க."

"எந்தப் பக்கம் ஆன்ட்டி?"

"வலிக்கிற பக்கம்."

இடது பக்கம் ஒரு கோடளவு எண்ணெய்க்கு இடம் விடப்பட்டது. பிறகு நஸ்லியா கோடு போட்டு, வட்டமான ஒரு சின்னக் கருவியைக் காட்டினாள். உள்ளே ஒரு ஊசி. முதுகில் வைத்துப் பிடித்தால், குனியக் குனிய ஊசி கோணம் காட்டும். ஒன்றை மேலே வைப்பாள், பிறகு கீழே இடுப்பெலும்பில் வைப்பாள்.

"இப்ப குனிங்க."

கிளறன்ஸ் குனிந்தார். கை முழங்காலைத் தாண்டி வெகுதூரம் போனது. அவருக்கே பெருமையாக இருந்தது. "எப்பிடி மிஸ்? நாட்டியத்துல சேரலாமா?"

நஸ்லியா ஊசியைத்தான் பார்த்தாள். "குனிஞ்சது உங்க தொடை மூட்டு அங்கிள். முதுகு பலகை மாதிரி அப்பிடியே நிக்குது."

அந்தோனியம்மா, "வீட்டுலயும் இப்பிடித்தான் மகள், எல்லாத்துக்கும் ஒரு குறுக்கு வழி வச்சிருப்பாரு" என்றாள்.

"சிரிக்காதீங்க அங்கிள், ஊசி ஆடுது. இப்ப நல்லாக் கேளுங்க. முதுக வளைச்சுக் குனியணும். வலி தொடங்குற இடத்துல நிப்பாட்டணும். அதுக்கு மேலயும் வாணாம், குறைவும் வாணாம். ஒவ்வொண்ணும் மூணு தரம் அளப்பன்."

முதல்தரம் கிளறன்ஸ் சொன்னபடியே செய்தார். வலி தொடங்கியது, நின்றார். நஸ்லியா எழுதிக்கொண்டாள்.

இரண்டாந்தரமும் அதே இடத்தில் வலி வந்தது. நிற்கத்தான் போனார். ஆனால் பிள்ளை பாவம், இடது பக்கத்து எண்ணெயைக்கூட அழிக்காமல் விட்டவள், இத்தனை பொறுமையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குச் சரியாகக் கோட்டில் நிறுத்திக் கொடுப்பது கிளறன்ஸுக்கு ஒரு மாதிரி இருந்தது. பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். மூன்றாந்தரம் அந்தக் கொஞ்சத்துக்கு இடுப்பு பழி வாங்கியது. பாதியிலேயே மாட்டிக்கொண்டது.

பின்னால் வளைவது, பக்கத்துக்குச் சாய்வது, மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்குவது, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பிடிப்பது எல்லாம் இப்படித்தான் நடந்தன. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது முகம் சிவந்து உதடு நடுங்கியது. "வலிக்குதா?" என்று நஸ்லியா கேட்டாள். "சேச்சே, நீங்க ஆறுதலா எழுதுங்க மிஸ்" என்றார். முள்ளந்தண்டின் ஓரத்தை அவள் விரலால் அழுத்தியபோது, "இங்க?" "இல்ல." "இங்க?" "பரவால்ல." கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது.

"பரவால்லன்னா என்ன அங்கிள்? வலிக்குதா, வலிக்கல்லியா?"

"நீங்க இவ்வளவு தூரம் கேக்கிறீங்க, இல்லன்னு சொல்ல மனசு வரல்ல. வலிக்குதுன்னு சொல்லவும் ஒரு மாதிரியா இருக்கு."

நஸ்லியா பேனையை மூடி வைத்தாள். கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகத்தில் கோபமில்லை, களைப்பு மட்டும் இருந்தது.

"அங்கிள், மூணு தரம் அளந்தா மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். உங்களுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம வருது. இத இப்பிடியே டொக்டருக்கு அனுப்பினா அவர் என்ன நினைப்பாரு? ஆள் மனசு வச்சிச் செய்யல்ல, வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறார்னு நினைப்பாரு. அதுக்குப் பிறகு உங்க வேலயப் பத்தி என்னால ஒண்ணும் எழுத ஏலா."

கிளறன்ஸ் மனைவி பக்கம் திரும்பினார். வேலைக்குப் போகாமல் இருக்கவா? வாசலில் இருந்துகொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிற தானா?

"நடிப்பாவது! ராத்திரி திரும்பிப் படுக்க ஏலாம முனகுறாரு, நாந்தானே கேக்கிறேன்" என்றாள் அந்தோனியம்மா.

அப்போது கதவுக்கு வெளியேயிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது.

"மகள், உள்ளுக்கு வரலாமா?"

நஸ்லியா கிளறன்ஸிடம் பனியனை இழுத்துவிடச் சொன்னாள். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து, கதவோரமாகவே நின்றார்.

"இவர் நடிக்கல்ல, மகள். இவர் உங்களுக்குக் கூடக் குடுக்கிறார்."

"என்ன கூடக் குடுக்கிறார்?"

"கடையில துணி அளக்கக்குள்ள பாக்கணும். ஆள மனசுக்குப் புடிச்சிட்டா, கோல் முடிஞ்ச இடத்துல வெட்ட மாட்டார். நாலு விரல் கூட விட்டுத்தான் கத்திரியப் போடுவார். அதுவும் நான் பாக்கல்லன்னு நெனச்சிட்டு, வயித்தால மேசைய மறைச்சிக்கிட்டு."

கிளறன்ஸ் மெல்லத் திரும்பினார். "ஹாஜியாருக்குத் தெரியுமா?"

"எந்தக் காலத்துலயோ தெரியும்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"சனம் உங்களத் தேடித்தானே வருது, கிளறன்ஸ். நாலு விரல் துணிக்கா நான் சண்ட புடிக்க?" ஹாஜியார் நஸ்லியாவிடம் திரும்பினார். "நீங்க வலி தொடங்குற எடத்துல நிப்பாட்டச் சொல்றீங்க. இவருக்கு ஏலா. உங்களையும் அவருக்குப் புடிச்சிப் போச்சு. அதான் முதுகுல நாலு விரல் கூட விட்டுக் குடுக்கிறார். அடுத்த தரத்துக்கு மிச்சம் இல்லாமப் போகுது."

நஸ்லியா கிளறன்ஸைப் பார்த்தாள். அவர் மறுக்கிற மாதிரித் தலையை அசைக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. உங்களுக்குப் பிடிக்காத கஸ்டமர் யாராச்சும் இருக்காங்களா?"

"எனக்கா? அப்பிடி யாரும்…"

"இருக்கு" என்று ஹாஜியாரும் அந்தோனியம்மாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"தெல்தெனிய டீச்சர்" என்றாள் அந்தோனியம்மா. "எல்லாச் சேலையையும் விரிக்கச் சொல்லிப் பாத்துட்டு, கடைசியில ஒரு பிளவுஸ் துணி வாங்குற ஆளு. வாங்கின துணியையும் வீட்டுல கொண்டுபோய் அளந்து பாப்பாவாம்."

"அவவுக்கு எப்பிடி வெட்டுவீங்க?" என்று நஸ்லியா கேட்டாள்.

கிளறன்ஸின் முகத்தில் ஒரு கடுமை வந்தது. "கோட்டுல வெட்டுவேன். நூலளவு கூடவுமில்ல, குறையவுமில்ல."

"எழும்புங்க. இனி நான் நஸ்லியா இல்ல. தெல்தெனிய டீச்சர்."

ஹாஜியார் வெளியே போனார். கதவு பழையபடி பாதி திறந்திருந்தது. நஸ்லியா கொஞ்சநேரம் அவரை ஆறவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். கிளறன்ஸ் குனிந்தார். வலி தொடங்கியது, அந்த இடத்திலேயே, கத்திரி வைத்ததுபோல நின்றார். ஊசியும் நின்றது. இரண்டாந்தரம் குனிந்தார். மூன்றாந்தரம் குனிந்தார். நஸ்லியா எழுதிக்கொண்டே போனாள். காலைத் தூக்கும்போது, "இவ்வளவுதான் டீச்சர், இதுக்கு மேல இல்ல" என்றார் கண்டிப்பாக. முள்ளந்தண்டை அழுத்தியபோது, "வலிக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி அழுத்தினாள். "அங்க இல்ல." திரும்ப முதல் இடம். "வலிக்குதுன்னு சொன்னேனே."

முழங்காலை மடித்துப் படுத்து, கையை ஊன்றாமல் எழும்பி உட்காரச் சொன்னாள். கிளறன்ஸ் முயன்றார். தலை எழும்பியது, தோள் எழும்பியது, அதற்கு மேல் எழும்பவில்லை. கூரையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தார். அந்தோனியம்மா எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து வெகுகாலம். அறையில் இன்னொரு பெண் பிள்ளை நிற்கிறாளே என்றுகூட அவள் பார்க்கவில்லை.

"முடிஞ்சுது" என்றாள் நஸ்லியா. "மூணும் ஒண்ணா வந்திருக்கு. எழும்பி சேட்டப் போடுங்க அங்கிள்."

கிளறன்ஸ் பொத்தான் போடத் தொடங்கினார். ஒன்று மாறிப் போனது. அந்தோனியம்மா கழற்றித் திரும்பப் போட்டாள். ஹாஜியாரையும் நஸ்லியா உள்ளே கூப்பிட்டாள். அவர் வந்து சுவரோரம் நின்றார்.

"அப்ப மிஸ்," என்றார் கிளறன்ஸ், "மேசையா, பொம்மை வேலையா? பொம்மை வேலன்னா இப்பவே சொல்லுங்க, சேல கட்டப் பழகணும்."

நஸ்லியா சிரிக்கவில்லை. "டொக்டருக்கு நான் எழுதி…"

"அவர் பாப்பம்பாரு. ஹாஜியார் இன்ஷா அல்லாஹ்ம்பாரு. இவ அந்தோனியார்ட்ட அனுப்பிருவா. அந்தோனியாரு காணாமப் போன சாமான் தேடிக் குடுக்கிற ஆளு, என் முதுக எந்த மூலையில தேடுறாரோ தெரியல்ல."

"இந்தாங்க," என்றாள் அந்தோனியம்மா, அவர் காலரைச் சரிசெய்த கையை எடுக்காமலே. "ஒரு தரமாவது நேராக் கேளுங்களேன். நீங்க இப்பிடிக் கேட்டா, மனசு நோகாமப் பதில் சொல்லத்தான் எல்லாரும் பாப்பாங்க. நானும் அதத்தானே செஞ்சேன்."

கிளறன்ஸ் அவளைப் பார்த்தார். பிறகு ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்துத் தையலைத் தடவிக்கொண்டு நின்றார்.

நேராகக் கேட்பது கிளறன்ஸுக்குப் பழக்கமில்லாத காரியம். வெளியே வீதியில் பஸ் ஒன்று கம்பளை, கம்பளை என்று கூவிக்கொண்டு போனது. அவர் நஸ்லியாவுக்கு நேராகத் திரும்பினார்.

"மிஸ், எனக்கு அந்த மேசைதான் தெரியும். அங்க நின்னுக்கிட்டுச் சனங்களோட கதைக்கிறதுதான் தெரியும். நான் திரும்ப அங்க போக ஏலுமா?"

நஸ்லியா ஹாஜியாரைப் பார்க்கவில்லை, அந்தோனியம்மாவைப் பார்க்கவில்லை. கிளறன்ஸைத்தான் பார்த்தாள்.

"ஏலும். இன்னும் ரெண்டு மூணு மாசம் நான் சொல்ற எக்ஸசைஸ் செஞ்ச பிறகு. இடைக்கிடை உக்காரணும். வலி குறையும், ஆனா முழுசாப் போகாது. அது உங்க நடிப்பில்ல, நான் அளந்தாச்சு. எங்க கேட்டாலும் அத நான் சொல்லுவன். நீங்க மேசையில நின்னு அளக்கலாம், வெட்டலாம், விடிய விடியக் கதைக்கலாம். ரோல் மட்டும் தூக்கக் கூடாது அங்கிள். இந்த வருஷம் மட்டுமில்ல. இனி எப்பவுமே கூடாது."